உன் கை அளவுக்குச் சுற்றிய தோல்

பிரியமுள்ள தனக்கா,

நீ இருக்கிற இடத்தில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். பள்ளிக்கூட மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார் மதர். 'நம் பள்ளியின் கணக்கு ஆசிரியை தனலட்சுமி அவர்கள், சாணார்பட்டிக்குக் கிழக்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்' என்று ஆரம்பித்துப் பார்த்தேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. உன்னைப் போய் 'அவர்கள்' என்று எழுதினால் நீயே விழுந்து விழுந்து சிரிப்பாய். அதனால் உனக்கே எழுதிவிட்டேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லிவிடுகிறேன். என் பூப்பந்து பேட்டின் பிடியில் நீ சுற்றிக் கொடுத்த தோலைப் பிரித்துவிட்டேன் அக்கா. நானே வேறு தோல் வாங்கிச் சுற்றினேன். அதை வைத்துக்கொண்டு மதுரைக்குப் போய் ஆடினேன். நீயும் நானும் ஒரு தடவைகூடத் தொடாத கோப்பை இப்போது மதர் அறை அலமாரியில் இருக்கிறது. அந்த அறைக்குப் போகிற வேலை வந்தால் வேறு யாரையாவது அனுப்பிவிடுகிறேன்.

நாம் ஆடியது உனக்கு நினைவிருக்கும். சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் போனதும், நீ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுண்ணாம்புப் பொடியோடு கிளம்பிவிடுவாய். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வேப்பமரத்து ஓரம் கோடு போட்டு, கம்பம் நட்டு, நெட் கட்டுவதெல்லாம் நீதான். ஆட்டத்திலும் அப்படித்தான். பின்னால் முக்கால்வாசி இடம் உன்னுடையது. நெட்டுக்குப் பக்கத்தில் நான் நின்று, தலைக்கு மேலே போகிற பந்தையெல்லாம் 'அக்கா' என்று உனக்கு விட்டுவிடுவேன். சேலை கட்டிக்கொண்டு நீ துள்ளி அடிக்கிறதைப் பார்க்க மதில் மேல் தலைகள் முளைக்கும். "ஏலே, போயி வீட்டுப்பாடம் எழுதுங்கடா" என்று ஒரு அதட்டல் போடுவாய். தலைகள் இறங்கும், செத்த நேரத்தில் மறுபடி ஏறும்.

பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால் வருஷா வருஷம் பேகம்பூருக்குப் போய்த் தோல் வாங்குவோம். நீ எடுப்பது எப்போதும் தடித்த ஆட்டுத்தோல். உங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து இரண்டு பேட்டுக்கும் நீயே சுற்றுவாய். பழசை உரித்து, கத்தியால் மரத்தைச் சுரண்டி, உங்கள் அப்பாவின் பழைய வேட்டியை நீளமாகக் கிழித்து முதலில் அதைச் சுற்றுவாய். அதன் மேல் வச்சிரப் பசை தடவி, அடியில் சின்ன ஆணி அடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தோலை இழுத்து இழுத்து மேலே கொண்டுபோவாய். முடிந்ததும் காற்றில் வீசிப் பார்ப்பாய்.

"கைக்கு அடக்கமா இருக்குடி. பிடிச்சுப் பாரு."

"நல்லா இருக்குக்கா."

இதைத்தான் நான் எல்லா வருஷமும் சொன்னேன். உனக்கு எவ்வளவு பெரிய கை! கமலை பூட்டாத நாளில் கிணற்றுத் தண்ணீரை வாளியால் இறைத்தே வளர்ந்த கை என்று உங்கள் அம்மா சொல்வார். உன் உள்ளங்கையில் என் கையை வைத்தால் குழந்தைக் கை மாதிரி உள்ளே போய்விடும். அந்த இரண்டு கைக்கும் ஒரே அளவில் பிடி. ஆடி முடித்து வீட்டுக்குப் போனால் மணிக்கட்டு விண் விண் என்று தெறிக்கும். தைலம் தேய்ப்பேன். எங்க வீட்டுக்காரர் கேட்டால் துணி துவைத்த வலி என்பேன். அப்போது நான் பிடியைச் சந்தேகப்படவில்லை அக்கா. என்னைத்தான் சந்தேகப்பட்டேன். எனக்கு இவ்வளவுதான் வரும், நெட் பக்கம் நிற்கத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அந்த ஐப்பசி வந்தது. ஆசிரியைகள் அறையில் ஜன்னல் ஓரம் நீ நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது உன் கண் மஞ்சளாக இருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். ஊரில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பத்தியம் இருந்தாய். கடைசியில் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி. நான் வந்து பார்த்த அன்று உன் கை மட்டும்தான் பழைய மாதிரி இருந்தது. மற்றதெல்லாம் வற்றிப்போயிருந்தது.

"பேட்டை வெளியில தொங்க விடாதடி. மழை பெய்யுது. தோலு பூஞ்சை பிடிச்சுரும்" என்றாய்.

"பிடிச்சா பிடிக்கட்டும். நீ வந்து மாத்திக் குடு."

"வாரேன். செத்த பொறு, வாரேன்."

அந்த வாரமே உன்னை ஊருக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நான் வந்தபோது நீ போய்ச் சேர்ந்திருந்தாய்.

பேட்டை நான் பெட்டிக்குள் வைக்கவில்லை. சமையல்கட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியது தொங்கியபடியே கிடந்தது. நீ சொன்ன மாதிரியே பூஞ்சை பிடித்தது. வெயில் காலம் வந்ததும் தோல் காய்ந்து கெட்டியாகி, ஓரத்தில் வெடித்தது. நான் தொடவே இல்லை.

ஜூன் மாதம் உன் இடத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். பெயர் ருக்மணி. ஒட்டன்சத்திரத்துப் பக்கம். உன் நாற்காலி, உன் வகுப்பு, கரும்பலகையில் நீ தொங்கவிட்ட அந்தப் பெரிய காம்பஸ், எல்லாம் அவர் கைக்குப் போனது. பாவம், அவர் என்ன செய்வார்? ஆனால் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் விடவில்லை.

"ஏனுங்க டீச்சர், பொறத்தால மூலையில நெட்டுக் கம்பம் சாத்தியிருக்குதே, யாருங்க ஆடறது?"

"இப்ப யாரும் ஆடுறதில்ல."

"நான் காலேஜில ஆடியிருக்கறனுங்க. நீங்க ஆடுவீங்கன்னு பிள்ளைங்க சொல்லுச்சுங்க."

எனக்கு வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விட்டேன். ஆனால் மதர் என்னைக் கேட்காமலே மதுரையில் நடக்கிற ஆசிரியைகள் போட்டிக்கு எங்கள் இரண்டு பேர் பெயரையும் அனுப்பிவிட்டார். "தனலட்சுமி இருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பாளா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார்.

ஆணியிலிருந்து பேட்டை எடுத்தேன். துணியால் பூஞ்சையைத் துடைத்தேன். தோலை மாற்றத் தோன்றவில்லை. நீ சுற்றியது, அப்படியே இருக்கட்டும் என்று மனசுக்குள் ஒரு பிடிவாதம். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் ஆட ஆரம்பித்தோம். நாலைந்து நாள் போயிருக்கும். கை வியர்த்தால் அந்தத் தோல் எண்ணெய் தடவின மாதிரி வழுக்கியது. ருக்மணி எனக்கு முன்னால் நெட்டுப் பக்கம் நின்றார். உயரமாக ஒரு பந்து வந்தது. 'அக்கா' என்று கூப்பிட வாய் திறந்துவிட்டேன். பின்னால் யாரும் இல்லை. ஓடிப்போய் நானே ஓங்கி அடித்தேன்.

பந்து போகவில்லை. பேட்தான் போனது. கையை விட்டுப் பறந்து போய், சத்தம் கேட்டுத் திரும்பின ருக்மணியின் புருவத்தில் பட்டது. அவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்தின விரல் சந்து வழியாக ரத்தம் வழிந்து ரவிக்கையெல்லாம் நனைந்தது. "கண்ணு தெரியுதா, கண்ணு தெரியுதா" என்று நான் கத்தினது எனக்கே நினைவில்லை, பிள்ளைகள் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஒரு நெல்லு கீழ பட்டிருந்தா கண்ணு போயிருக்கும்மா" என்றார்.

அப்போதும் எனக்கு நீ சுற்றின தோலை மாற்றத் தோன்றவில்லை பார். பேட்டைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் ருக்மணி கட்டோடு பள்ளிக்கூடம் வந்தார். நேராக வந்து என் பேட்டை எடுத்துப் பிடித்துப் பார்த்தார். கோபமாகத் திட்டினால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"தோலு வழுவழுன்னு போயிருச்சுங்க. அது கிடக்குது. இது உங்க கைக்குப் பருமனா இல்லீங்களா? பிடிச்சுக் காட்டுங்க."

பிடித்தேன்.

"பாருங்க, விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவால ஒரு விரல் போற சந்து இருந்தாப் போதுமுங்க. உங்களுக்கு எம்புட்டு அகலம் கிடக்குது பாருங்க. இதை இறுக்கிப் பிடிச்சுப் பிடிச்சே உங்க மணிக்கட்டு வலிச்சிருக்கணுமே?"

வலிச்சது என்று சொல்லவேண்டியதுதானே? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது தனக்கா சுத்துனது. அவளுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்றேன். நான் காயப்படுத்தின மனுஷியிடம். அவர் கட்டின் மேல் லேசாக விரலை வைத்தபடி, "தப்பா நினைக்காதீங்க டீச்சர்" என்று வகுப்புக்குப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி உங்கள் ஊருக்குப் போனேன். பேட்டைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். எதற்குப் போனேன்? உங்கள் அம்மாவிடம் உத்தரவு கேட்கவா, இல்லை அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி என்றா? இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் என்று படுகிறது.

அம்மா விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். "வாத்தா லூர்து. வெயில்ல வந்திருக்கியே, உக்காரு" என்றார். நான் பேட்டை எடுத்து மடியில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். புருவம் கிழிந்ததைச் சொன்னபோது "அய்யய்யோ" என்று மார்பில் கை வைத்தார். பிறகு பேட்டை வாங்கி, நீ சுற்றின இடத்தை மெல்லத் தடவினார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பூஞ்ச நாத்தம்தான்த்தா அடிக்குது. அவ வாசம் ஒண்ணுமில்ல" என்றார்.

பிறகு, என்ன நினைத்தாரோ, தோளில் கிடந்த சேலையை விலக்கிக் காட்டினார்.

"இந்த ரவிக்கையப் பாரு. அவ தைச்சது. வருசா வருசம் பொங்கலுக்கு எனக்குத் தைப்பா. அளவு எடுக்கவே மாட்டா. அவ உடம்புக்கு வெட்டித் தைச்சுக் குடுப்பா. எனக்குத் தோளு ரெண்டும் இறங்கி இறங்கி விழும். ஊக்குக் குத்திக்கிட்டுத் திரிஞ்சேன். 'நல்லா இருக்காம்மா?'ம்பா. 'ரொம்ப நல்லா இருக்குத்தா'ம்பேன். எம்புட்டு ஆசையாத் தைச்சுக் குடுக்குறா, எப்படிச் சொல்ல?"

"அப்புறம்?"

"அவ போன பெறகுதான் பிடிச்சுத் தைச்சேன். கையில ஊசிய வச்சுக்கிட்டு அம்புட்டு அழுகை. என்னமோ அவகிட்டச் சண்டை போடுற மாதிரி இருந்துச்சு. ஆனா இப்பப் பாரு, தோளுல நிக்குது."

அதைச் சொல்லிவிட்டு அம்மா சிரித்தார் அக்கா. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன்னிடம் வாய் திறக்காத இரண்டு பேர், நீ இல்லாத வீட்டில் உட்கார்ந்து, உன்னைப் பற்றிப் புறம் பேசிச் சிரித்தோம். உனக்குப் புரை ஏறியிருக்கும்.

"மாத்திக்கத்தா. இன்னொருத்தி பெத்த பிள்ளை கண்ணு போயிரக் கூடாதுல்ல" என்றார் அம்மா. "சோறு இருக்கு, சாப்டுட்டுப் போ. வெஞ்சனம்தான் ஒண்ணுமில்ல." மோர் ஊற்றி, வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டில் உட்கார்ந்து பிரித்தேன். தோல் துண்டு துண்டாகத்தான் வந்தது. அதன் அடியில் உங்கள் அப்பாவின் வேட்டித் துணி, காய்ந்து, ஒரு கோணல் இல்லாமல் அவ்வளவு நேர்த்தியாக. ஒரு சுற்றுப் பிரித்தால் இன்னொரு சுற்று, அதற்கு அடியில் இன்னொன்று. எல்லாம் போனபிறகு பார்த்தால் மரம் எவ்வளவு ஒல்லி! அடியில் இவ்வளவு ஒல்லியான ஒரு பேட் இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாளாவது நீ என் கையைப் பார்த்திருக்கிறாயா அக்கா? நான்தான் ஒரு நாளாவது விரித்துக் காட்டியிருக்கிறேனா?

பேகம்பூர்க் கடைக்குத் தனியாகப் போனேன். பாய் என்னைப் பார்த்ததும் தடித்த தோலை எடுத்துப் போட்டுவிட்டார். "பெரிய டீச்சர் எடுக்குற தோலுதானே? அவங்க வரலையா?"

"அவங்க இல்ல பாய். போன வருசம் தவறிட்டாங்க."

அந்தத் தோலை மெதுவாகச் சுருட்டி உள்ளே வைத்தார். "சரிம்மா. உங்களுக்கு எது வேணும்?" என்றார்.

எனக்கு எது வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லையே. ஒவ்வொரு துண்டாக எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தேன். ஒன்று வழுக்கியது. ஒன்று முரடாக அறுத்தது. செம்மறித்தோலில் மெல்லிசாக ஒன்று, கொஞ்சம் சொரசொரப்போடு, கையில் ஒட்டி நின்றது. அதைக் கேட்டபோது கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் தனியாக ஒரு பலகாரம் கேட்டது போலக் கூச்சமாக இருந்தது.

ருக்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுத் தோலின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார். முதல் தடவை நான் மாற்றிச் சுற்றிவிட்டேன் போல. ஆட ஆட முறுக்கு அவிழ்ந்து கழன்றது. பிரித்து, அடியிலிருந்து எதிர்ப்பக்கமாகச் சுற்றினோம். உள்ளே ஒரே சுற்றுத் துணி. உன் வேலைக்குப் பக்கத்தில் வைக்க முடியாது, மேடு பள்ளமாகத்தான் இருந்தது. ஆனால் விரல்கள் மூடின.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் கை கூசுகிறது. அன்று சாயங்காலம் பின்கோட்டிலிருந்து ஒரு பந்தை அடித்தேன். மணிக்கட்டு பூட்டுத் திறந்த மாதிரி சுழன்றது. பந்து நெட்டை உரசிக்கொண்டு மூலையில் போய் விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று. வலியே இல்லை. நான் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். கத்தின வாயை உடனே மூடிக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், நீ நின்று கேட்டுக்கொண்டிருக்கிற மாதிரி.

மதுரைக்குக் காலைப் பாசஞ்சரில் போனோம். கொடைரோட்டில் ருக்மணி பேரிக்காய் வாங்கினார். என்னால் ஒரு கடிகூடக் கடிக்க முடியவில்லை. ஆட்டத்தில் நான்தான் பின்னால் நின்றேன் அக்கா. உன் இடத்தில். கடைசி ஆட்டத்தில், நாம் மதுரைக்குப் போன இரண்டு வருஷமும் நம்மைத் தோற்கடித்தார்களே, அதே ஜோடி. அந்த உயரமான டீச்சர் என்னை நெட் பக்கம் இழுக்கப் பார்த்தார். பிறகு தலைக்கு மேலே தூக்கினார், நான் விட்டுவிடுவேன் என்று. நான் விடவில்லை.

கோப்பை வாங்கி இறங்கும்போது கூட்டத்தில் யாரோ, "திண்டுக்கல்லுக்கு இந்த வருசம்தான் நல்ல ஜோடி அமைஞ்சிருக்கு" என்றார்கள். அது என் காதில் விழுந்தது. விழுந்ததும் நான் சிரித்தேன். சிரித்துவிட்டேன் அக்கா. திரும்புகிற ரயிலில் அம்மையநாயக்கனூர் வயல்களைப் பார்த்துக்கொண்டு அழுதேன். ருக்மணி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "ஜெயிச்சுப்போட்டு யாராச்சும் அழுவாங்களாங்க?" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் புருவத்தில் தையல் தழும்பு ஓடுகிறது. அதில் இனிமேல் முடி முளைக்காதாம்.

நீ இருந்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் என்னைத் தின்கிறது. தைலம் தேய்த்துக்கொண்டு, 'நல்லா இருக்குக்கா' என்று சொல்லிக்கொண்டு, கிழவியாகும்வரை நெட் பக்கம் நின்றிருப்பேன். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரிந்திருக்காது. அப்படியென்றால் நீ போனதால்தான் என் கைக்கு அளவு கிடைத்ததா? இப்படிக் கிடைத்த ஒன்றை நான் எப்படிச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது? சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். "இதுல பாவம் எங்கம்மா இருக்கு?" என்றார். பாவமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் பாரம் இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு எங்கள் அப்பா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றப் போனேன். உனக்குத்தான் கல்லறை இல்லையே, சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டார்களே. அப்பாவிடம் கேட்டுக்கொண்டு பக்கத்திலேயே உனக்கும் ஒன்று ஏற்றினேன். காற்று பலமாக இருந்தது. அப்பாவுடையது இரண்டு தடவை அணைந்தது. உன்னுடையது நிமிர்ந்து நின்று எரிந்தது. 'இங்கேயும் பின்கோடு நீதானா' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

எங்கள் மோட்சமும் உங்கள் சொர்க்கமும் ஒன்றுதானா, வேறுவேறா என்று எனக்குத் தெரியாது. ஒன்றாக இருந்தால் நானும் ஒரு நாள் வந்து சேருவேன். வந்ததும் உன்னைக் கட்டிக்கொள்ள மாட்டேன். முதலில் சண்டை போடுவேன். 'எனக்கு வலிச்சுச்சுக்கா, நீ பார்க்கலையே' என்று முகத்துக்கு நேராகக் கேட்பேன். நீயும் கத்து. 'வாயில என்னடி வச்சிருந்தே, கொழுக்கட்டையா?' என்று கேள். நாம் ஒரு நாளும் போடாத சண்டை அது. கூடப் பிறந்தவர்களாக இருந்திருந்தால் எப்போதோ போட்டு முடித்திருப்போம். அதைப் போட்டு முடித்த பிறகுதான் ஆட்டம். இது சத்தியம்.

அதுவரைக்கும் உன்னிடம் ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லப் போகிற,
உன் தங்கச்சி
லூர்து